மிக்ஸி சீக்கிரம் கடைக்கு வர: மோல்டில் நாட்கள் எங்கே போகின்றன?

புதிய மிக்ஸி ஒன்றை உருவாக்கும்போது அதிக நாட்களைத் தின்பது பெரும்பாலும் பாடியின் இன்ஜெக்‌ஷன் மோல்டுதான் (உருகிய பிளாஸ்டிக்கை அழுத்திச் செலுத்திப் பாடியை வார்க்கும் ஸ்டீல் அச்சு). அதிலும் ஸ்டீலை வெட்டும் நேரத்தைவிட, வெட்டுவதற்காகக் காத்துக் கிடக்கும் நேரமே அதிகம்.

மோல்டு செய்யும் டூல் ரூமில் ஈடிஎம் மெஷின் (மின்பொறியால் ஸ்டீலை அரித்து வெட்டுவது) ஒன்றுதான், வேலைகளோ முன்பின்னாக வருகின்றன என்று வையுங்கள். எளிய வரிசைக் கணக்குப்படி, மெஷினுக்கு 80% வேலை இருந்தால் சராசரிக் காத்திருப்பு வேலை நேரத்தைப் போல 4 மடங்கு. 90% என்றால் 9 மடங்கு, 95% என்றால் 19 மடங்கு. இரண்டு நாள் வேலை முறையே 8, 18, 38 நாள் காத்திருக்கும். மெஷின் சும்மா நிற்கக்கூடாது என்று கடைசி இடைவெளியையும் நிரப்பும் நிர்வாகம், தாமதத்தைத் தானே காசு கொடுத்து வாங்குகிறது. சோதனைக் கூடத்துக்கும் இதே கணக்குதான்.

அடுத்தது, வேலைகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஓட்டுவது. டிசைன் முழுதாக முடியட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. மோட்டாரின் உயரமும் விட்டமும், பாடியின் வெளி அளவு, பார்ட்டிங் லைன் (மோல்டின் இரு பாதிகளும் சேரும் கோடு), கேட் (பிளாஸ்டிக் உள்ளே நுழையும் வாய்) வரும் இடம் ஆகியவை உறுதியானதும் மோல்டு பேஸையும் (மோல்டைத் தாங்கும் சட்டம்) பி20 ஸ்டீலையும் (மோல்டுக்கான ஒரு ஸ்டீல் வகை) ஆர்டர் செய்து, முரட்டு வெட்டைத் தொடங்கிவிடலாம். உள்ளே வரும் ரிப் (சுவருக்குப் பலம் தரும் மெல்லிய விலா), ஸ்க்ரூ பாஸ் (ஸ்க்ரூ இறங்கும் குழல்) எல்லாம் பிறகு வரட்டும். ஆனால் மோட்டார் மாறினால் எல்லாம் வீண். அதை மட்டும் முதலிலேயே பூட்டிவிட வேண்டும். ஸ்டீல் வெட்டப்படும் நாட்களிலேயே 3டி பிரிண்ட் பாடியில் மோட்டாரைப் பொருத்தி ஓட்டி, காற்றுத் துளைகள் போதுமா, ஓவர்லோடு சுவிட்ச் அடிக்கடி விழுகிறதா என்று பார்த்துவிடலாம்.

சந்தேகமுள்ள இடங்களில் ஸ்டீலை மிச்சம் வையுங்கள். ஸ்டீலைச் சுரண்டுவது எளிது, வெல்டிங் செய்து திரும்பச் சேர்ப்பது பெரும்பாடு. ஆகவே ஸ்டீலில் ரிப் வரும் குழியை முதலில் ஒடுக்கமாக வெட்டுங்கள். 2.5 மி.மீ. சுவருக்கு 1.25 மி.மீ. ரிப் நல்ல தொடக்கம், 1.5-ஐத் தாண்டினால் வெளிப்பக்கம் பள்ளம் விழத் தொடங்கும். மோல்டில் துளையை உண்டாக்கும் ஸ்டீல் பின்னைச் சற்றுப் பருமனாக வையுங்கள். துளை பெரிதாக வந்தால் பின்னைத் தேய்த்துக் குறைக்கலாம்.

மோல்டு வெட்டிய பிறகு, விலை குறையும் என்று பிளாஸ்டிக்கை மாற்றுவதுதான் மிக மோசமான தவறு. ஏபிஎஸ் சுமார் 0.5% சுருங்கும், பாலிபுரொப்பிலீன் சுமார் 1.5%. 200 மி.மீ. பாடியில் வித்தியாசம் 2 மி.மீ. அடித்தட்டு பொருந்தாது, க்ளிப் பிடிக்காது.

டி1 சாம்பிள் (மோல்டின் முதல் சோதனை ஓட்டத்தில் வரும் பீஸ்கள்) வந்ததும் ஒரு பீஸை மட்டும் அளந்து முடிவெடுக்காதீர்கள். மெஷின் சூடு நிலைபெற்ற பின் தொடர்ச்சியாக வந்த சில பீஸ்களை, நன்றாக ஆறவிட்டு அளக்க வேண்டும். எல்லாத் திருத்தங்களையும் ஒரே பட்டியலாக அனுப்புங்கள். தவணையாக அனுப்பினால் மோல்டு ஒவ்வொரு முறையும் வரிசையின் கடைசியில் போய் நிற்கும். அளவுகள் ஒப்புதலான பிறகே மோல்டில் டெக்ஸ்சர் (மேற்பரப்புச் சொரசொரப்பு) போட வேண்டும். அதன்மேல் வெல்டிங் பட்டால் தழும்பு ஒவ்வொரு மிக்ஸியிலும் தெரியும்.