ஓடாத ஆற்றை வைத்துப் போட்ட கணக்கு

2025 ஏப்ரலில் சிந்து நதிநீர் ஒப்பந்தத்தை இந்தியா நிறுத்திவைத்ததிலிருந்து பலரும் கேட்கிறார்கள்: இரண்டு நாடுகளில் ஓடும் ஆற்றை எப்படித்தான் பங்கு போடுகிறார்கள்? வழக்கமான வழிகள் இரண்டு. ஆறுகளையே பிரித்துக்கொள்ளலாம், 1960-இல் சிந்துப் படுகையில் கிழக்கே மூன்று ஆறுகள் இந்தியாவுக்கு, மேற்கே மூன்று பெரும்பாலும் பாகிஸ்தானுக்கு என்று ஆனது அப்படித்தான். இல்லையென்றால் வருகிற தண்ணீரை அளந்து பிரிக்கலாம். 1996 கங்கை ஒப்பந்தப்படி, மேற்கு வங்கத்தின் ஃபராக்கா தடுப்பணையில் ஜனவரி முதல் மே வரை பத்துப் பத்து நாளாகக் கணக்குப் பார்த்து இந்தியாவும் வங்கதேசமும் பிரித்துக்கொள்கின்றன. இரண்டிலும் சிக்கல் ஒன்றே, ஒருவருக்குக் கூடினால் மற்றவருக்குக் குறையும்.

எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது வழி. தண்ணீரால் வரும் ஆதாயத்தைப் பங்கு போடுவது. கனடாவும் அமெரிக்காவும் 1961-இல் கையெழுத்திட்டு, 1964-இல் நடைமுறைக்கு வந்த கொலம்பியா ஆற்று ஒப்பந்தம் இந்த வகை.

கொலம்பியா கனடாவின் மலைகளில் பிறந்து அமெரிக்கா வழியாகப் பசிபிக்கில் கலக்கிறது. படுகையில் சுமார் 15 விழுக்காடு நிலம்தான் கனடாவில் இருக்கிறது, ஆனால் ஓடும் நீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அங்கிருந்து வருகிறது. பெரும்பாலும் பனி உருகி வரும் நீர், அதனால் மே, ஜூனில் பொங்கிப் பாயும், குளிர்காலத்தில் மெலிந்துவிடும். 1948 மே மாதம் வந்த வெள்ளத்தில் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகருக்குப் பக்கத்தில் இருந்த வான்போர்ட் என்ற ஊரே ஒரே நாளில் அழிந்துபோனது.

சரி, இப்போது ஒரே ஒரு கன மீட்டர் தண்ணீரை எடுத்துக்கொள்வோம். அது 100 மீட்டர் விழுந்தால் அதில் இருக்கும் ஆற்றல் கிட்டத்தட்ட 0.27 யூனிட் மின்சாரம். எல்லை தாண்டியதும் முதலில் வரும் கிராண்ட் கூலி அணையில் வீழ்ச்சி ஏறக்குறைய அவ்வளவு இருக்கும். அதே தண்ணீர் அங்கிருந்து கடலுக்குப் போகும் வழியில் மேலும் பத்து அணைகளின் டர்பைன்களைச் சுற்றுகிறது, மொத்தமாகப் பார்த்தால் முக்கால் யூனிட்டுக்குக் குறையாது. ஆனால் ஜூன் வெள்ளத்தில் வந்தால் டர்பைன்கள் ஏற்கெனவே முழுவீச்சில் சுற்றிக்கொண்டிருக்கும், மீதித் தண்ணீர் மதகு வழியே வீணாக வழிந்துவிடும். அதையே மேலே தேக்கிவைத்து, வீடுகளைச் சூடாக்க மின்சாரம் தேவைப்படும் ஜனவரியில் விட்டால்? அதே தண்ணீர்தான், ஒரு சொட்டுகூடக் கூடவில்லை, மின்சாரம் மட்டும் கூடுகிறது.

அதனால் கனடா மூன்று அணைகளைக் கட்டி 1,900 கோடி கன மீட்டர் அளவுக்குத் தேக்க இடம் தருவது, கீழே அமெரிக்காவில் கூடுதலாகக் கிடைக்கும் மின்திறனில் பாதியைக் கனடா பெறுவது என்று முடிவானது. வெள்ளத்தைத் தடுப்பதற்கு அமெரிக்கா தனியாக 6.44 கோடி டாலர் தந்தது. முதல் முப்பது ஆண்டுகளுக்கான தன் பங்கு மின்சாரத்தைக் கனடா 25.4 கோடி டாலருக்கு விற்று, அணை கட்டும் செலவுக்கு வைத்துக்கொண்டது.

இதில் 'கூடுதல்' எவ்வளவு என்று யார் சொல்வது? அணைகள் கட்டியாகிவிட்டன, அவை இல்லாத ஆறு எங்கும் ஓடவில்லையே. அந்த ஓடாத ஆற்றைக் கணக்கிலேயே ஓடவிடுகிறார்கள்! பழைய நீரோட்டப் பதிவுகளை எடுத்து, கனடாவின் தேக்கம் இருந்தால் அமெரிக்க அணைகள் எவ்வளவு உற்பத்தி செய்யும், இல்லாவிட்டால் எவ்வளவு என்று இரண்டு முறை கணக்குப் போட்டு, வித்தியாசத்தில் பாதி. அதையும் ஆறு ஆண்டுகள் முன்கூட்டியே போட்டுவிடுகிறார்கள். அப்புறம் அந்த ஆண்டு பனி குறைந்தாலும் கூடினாலும் பங்கு மாறாது, அதனால் நிஜமாக ஓடுகிற தண்ணீரை வைத்துச் சண்டை போட வேலையே இல்லை. இரண்டு நாட்டுப் பொறியாளர்கள் ஒரே சமன்பாட்டை நம்பி உட்கார்ந்திருப்பது எனக்கு இன்றைக்கும் வியப்பாக இருக்கிறது.

இந்த நம்பிக்கைக்கு அடியில் இருப்பது பல்லாண்டு அளவீடு. நீளமான வெற்றுக் குழாய் ஒன்றைப் பனிக்குள் செங்குத்தாகச் செருகி, பனியோடு எடுத்து, தராசில் தொங்கவிட்டு எடை பார்ப்பார்கள். உருகினால் எத்தனை அங்குலத் தண்ணீர் என்று அந்த எடையே சொல்லிவிடும். இப்படி மலையில் ஏறி அளந்தவர்களால்தான் வசந்தத்துக்கு முன் நீர்த்தேக்கத்தை எவ்வளவு காலி செய்வது என்று தெரிகிறது. அணைக்குக் கோடிகளைக் கொட்டும் அரசுகள் பனியையும் ஆற்றுநீரையும் அளக்கும் நிலையங்களுக்குக் கையைச் சுருக்குவது எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது. முப்பது ஆண்டுப் பதிவில் நடுவே விட்டுப்போன ஐந்து ஆண்டைப் பிறகு எந்தப் பணத்தாலும் வாங்க முடியாது.

இந்தக் கணக்கில் பெரிய ஓட்டை ஒன்றும் உண்டு. நீர்த்தேக்கங்களுக்காகக் கனடாவில் 2,000-க்கும் மேற்பட்டோர் வீடு நிலத்தை விட்டுப் போனார்கள். அந்தப் படுகையின் பூர்வகுடிகளை யாரும் கேட்கவில்லை. சால்மன் மீனும் சமன்பாட்டில் இல்லை. சால்மன் குஞ்சுகள் கடலுக்குப் போவதே வசந்தகால வெள்ளத்தின் வேகத்தில்தான், ஒப்பந்தம் ஜனவரிக்குத் தள்ளிவைத்ததும் அதே வெள்ளத்தைத்தான். 2024 ஜூலையில் இரு நாடுகளும் எட்டிய கொள்கையளவு உடன்பாட்டில் மீனுக்கான நீரும் பூர்வகுடிகளின் பங்கும் இடம்பெற்றன. மின்சாரத்துக்கு இருப்பதுபோல மீனுக்கும் 'இருந்தால், இல்லாவிட்டால்' என்று இரண்டு முறை போடும் கணக்கு வேண்டும் என்பது என் கருத்து, அதற்கு முதலில் மீன்களை ஆண்டுதோறும் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும்.