சாமி புள்ளி போடுவதில்லை

திருமலையில், அதாவது இலங்கையின் திருகோணமலையில், என்னிடம் உளவளத்துணைக்கு (கவுன்சலிங்) வருகிறவர்களில் கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கள் மிகக் குறைவு. வெள்ளி தவறாமல் பத்திரகாளி அம்மனிடம் போகிறவர்கள், கந்தசஷ்டி ஆறு நாளும் விரதம் இருக்கிறவர்கள், கிண்ணியா, மூதூர்ப் பக்கமிருந்து வரும், ஐந்து வேளைத் தொழுகையை விடாதவர்கள், ஞாயிறு பூசையைத் தவறவிட்டால் மனம் ஆறாத கத்தோலிக்கத் தாய்மார் என்று எல்லோரும் வருகிறார்கள். கதிரையில் இருந்து கொஞ்ச நேரத்தில் இவர்களில் பலர் சொல்லும் வசனம் ஒன்றுதான்: "நான் ஒண்டுக்கும் உதவாத ஆள், மிஸ்."

பக்தி போதாததால் வந்த வசனம் இது என்று வீட்டார் நினைக்கிறார்கள். "இன்னும் கொஞ்சம் கும்பிடு, எல்லாம் சரிவரும்" என்று சொல்லித்தான் அனுப்பியிருப்பார்கள். நான் பார்த்த அளவில் கும்பிடு குறைந்தவர்களுக்கு மட்டும் வருகிற நோவு அல்ல இது. கும்பிடுவதையே ஒரு பரீட்சையாக ஆக்கிக்கொண்டவர்களுக்குத்தான் அது கூடுதலாக வருகிறது.

ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன். (இங்கே சொல்லும் எல்லோருமே பலருடைய கதைகளைக் கலந்து, அடையாளம் மாற்றி எழுதப்பட்டவர்கள். யாரையும் தேட வேண்டாம்.) ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) உயிரியல் பிரிவு, மூன்றாவது தடவை. பல்கலைக்கழக அனுமதிக்கு அதற்கு மேல் வாய்ப்பு இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். அம்மா ஒரு நேர்த்தி, அம்மம்மா ஒரு நேர்த்தி, பிள்ளை தானாக ஒரு நேர்த்தி. பரீட்சைக்கு முன்பு செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் விரதம். பெறுபேறு வந்தது. பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற இசட் ஸ்கோர் புள்ளி மருத்துவத்துக்குக் காணாது. அந்தப் பிள்ளை என்னிடம் பரீட்சையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. "சாமிக்கும் என்னைப் பிடிக்கேல்ல மிஸ். நான் எதையோ சரியாச் செய்யேல்ல" என்றுதான் அழுதது.

ஜெனிபர் குரொக்கர் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடன் வேலை செய்தவர்களும், மனிதர்கள் தங்கள் மதிப்பை எந்தெந்த ஆணியில் மாட்டி வைக்கிறார்கள் என்று ஆராய்ந்து, 2003இல் ஏழு இடங்களைச் சொன்னார்கள். படிப்பு, தோற்றம், மற்றவர்களின் பாராட்டு, போட்டியில் வெல்வது, குடும்பத்தின் அன்பு, நல்லொழுக்கம், கடைசியாகக் கடவுளின் அன்பு. அந்தப் பட்டியலில் கடவுளின் அன்பும் படிப்பும் தனித்தனியே நிற்கின்றன. நம்முடைய வீடுகளில் அவை தனித்தனியே நிற்பதில்லை. பாஸ் பண்ணினால் சாமியின் கருணை, பெயிலானால் சாமியின் கோபம் என்று இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டிவிடுகிறோம். ஏறி நிற்கக் கடைசியாக ஒரு மேடாவது இருந்திருக்கும். அந்த மேட்டையும் பரீட்சை முடிவோடு சேர்த்து முழுகவிடுவது நாம்தான்.

துன்பத்தில் மதம் எப்படி உதவுகிறது, எப்படிக் காயப்படுத்துகிறது என்று கென்னத் பார்கமென்ட் என்பவர் பல வருடங்கள் ஆராய்ந்தார். "கடவுள் என்னோடு இருக்கிறார்" என்று துன்பத்தைக் கடக்கிறவர்களுக்கும் "கடவுள் என்னைத் தண்டிக்கிறார்" என்று கடக்கிறவர்களுக்கும் இடையில் மனநலத்தில் தெளிவான வேறுபாடு இருப்பதைக் கண்டார். இரண்டு பேரும் ஒரே கோயிலில் ஒரே பூசையில் நிற்கலாம். வெளியில் இருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

சரி, நம்முடைய மரபு இதில் என்ன சொல்கிறது? சைவசித்தாந்தத்தில் உயிர் யாராலும் படைக்கப்பட்டது அல்ல. அது அநாதி, இறைவனைப் போலவே. ஆணவம் என்ற அழுக்கு உயிரை மறைக்கிறது, செம்பைக் களிம்பு மூடுவது போல. களிம்பு ஏறியதால் செம்பு தகரம் ஆகிவிடாது. விளக்குவதால் புதிதாக செம்பு உண்டாவதும் இல்லை. இதை நான் சொன்னதும் வயதான ஐயா ஒருவர், "உதெல்லாம் பள்ளிக்கூடத்திலயே படிச்சது மகள்" என்றார். படித்ததுதான். ஆனால் தன்னுடைய சீவியத்துக்கு அதைப் பொருத்திப் பார்த்ததில்லை. வழிபாடு என்னைத் தகுதியானவன் ஆக்கும் என்றே நம்பி வந்திருக்கிறார். ஏற்கெனவே இருப்பதை மூடியிருக்கிற ஒன்றைத் துடைக்கிற வேலையாக அதைப் பார்க்கவில்லை.

இது சைவத்துக்கு மட்டும் உரிய சொத்து இல்லை. ஆதமுடைய மக்களைக் கண்ணியப்படுத்தியதாக இறைவன் சொல்வதைக் குர்ஆனின் 17ஆவது அத்தியாயத்தில் பார்க்கலாம்; அங்கே நல்லவர்களை மட்டும் என்று ஒரு நிபந்தனை இல்லை. விவிலியத்தின் முதல் அத்தியாயமே மனிதர் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டதைச் சொல்கிறது. பௌத்தத்தில் மைத்திரி தியானத்தை முதலில் தனக்கே செய்து தொடங்கச் சொல்வார்கள். திருமலையில் வேலை செய்கிற எனக்கு இவை எல்லாமே கைக்கு உதவுகின்றன. எவருக்கும் அடுத்தவர் மதத்திலிருந்து மருந்து எடுத்துக் கொடுக்க வேண்டிய தேவை எனக்கு வந்ததில்லை.

ஒரு கேள்வி மட்டும் திரும்பத் திரும்ப வரும், அதுவும் தேவார திருவாசகம் நன்றாகத் தெரிந்தவர்களிடமிருந்து. "மாணிக்கவாசகரே தன்னை நாயிற் கடையாய்க் கிடந்தவன் எண்டு சொல்லேக்க, நான் என்னைக் குறைச்சு நினைக்கிறதில என்ன பிழை?" நல்ல கேள்வி. சிவபுராணத்தில் அந்த அடி அங்கே முடிவதில்லை. "நாயிற் கடையாய்க் கிடந்த அடியேற்குத் தாயிற் சிறந்த தயாவான தத்துவனே" என்று ஒரே மூச்சில் போகிறது. கடையாய்க் கிடந்தவன் ஒதுக்கப்பட்ட கதை அல்ல அது. தாயையும் மிஞ்சிய தயவு அவனைத் தேடி வந்ததைச் சொல்வது. என்னிடம் வருகிறவர்களின் மனதில் ஓடுவது முதல் பாதி மட்டும். இரண்டாம் பாதி இல்லாமல் முதல் பாதியைச் சொல்லிக்கொண்டிருப்பதைப் பக்தி என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பணிவுள்ள மனதைப் பார்த்திருக்கிறீர்களா? அது தன்னைப் பற்றி நிறைய யோசிக்காது. தன்னை வெறுக்கிற மனம் நாள் முழுக்கத் தன்னைப் பற்றியே யோசிக்கும்.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். சில வேளைகளில் அந்த மதிப்புக் குறைவு ஆளின் மனதில் முளைத்தது அல்ல, ஊர் கொடுத்தது. யுத்தத்திலும் 2004 சுனாமியிலும் கணவரை இழந்த பெண்கள் இந்த மாவட்டத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். மகளின் கலியாணத்தில் மணவறைப் பக்கம் வராமல் சமையல் கொட்டிலில் நின்ற தாய்மாரை எனக்குத் தெரியும். அப்படி ஒரு அம்மாவிடம் கேட்டேன், வீட்டில் பின்னேரம் விளக்கேற்றுவது யார் என்று. "நான்தான்" என்றார். நீங்கள் ஏற்றுகிற விளக்கு கூடாத விளக்கா என்றேன். "அது வேற, இது வேற பிள்ளை" என்று உடனே தட்டிவிட்டார். அவருக்கு நான் சொன்னது பிடிக்கவில்லை. அப்புறம் சில மாதம் கழித்து இளைய மகளின் கலியாணம். மணவறைக்குப் போக முன்பு, ஆட்கள் பார்த்திருக்க, மகளின் நெற்றியில் தன் கையால் திருநீறு பூசிவிட்டிருக்கிறார். ஒரு பெரியம்மா முறுமுறுத்தாராம். "முறுமுறுத்தா முறுமுறுக்கட்டும். இருபது வருசமா விளக்கேத்தின கைதானே" என்று என்னிடம் சொன்னார். இப்படிப்பட்ட இடங்களில் வெறும் மனப்பயிற்சி போதாது. அமங்கலம் என்ற பேச்சே பிழை என்று கோயில் ஐயரும் சொல்ல வேண்டும், குடும்பத்துப் பெரியவர்களும் சொல்ல வேண்டும்.

நடைமுறைக்கு வருவோம். நான் பெரும்பாலும் புதிய பயிற்சி எதையும் கொடுப்பதில்லை. செய்து கொண்டிருப்பதிலேயே ஒரு சின்ன மாற்றம்: வேண்டுதல் இல்லாத கும்பிடு. ஒரு நாளில் பத்து நிமிடம், எதையும் கேட்காமல், எதற்கும் மன்னிப்பும் கேட்காமல், எதையும் செய்வதாக வாக்கும் கொடுக்காமல் இருப்பது. சாமியறையிலும் இருக்கலாம், பள்ளிவாசலில் தொழுகை முடிந்த பிறகும் இருக்கலாம். பிரெட்ரிக் கோட்டை வாசலால் மான்களைத் தாண்டி நடந்து கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள், தரிசனம் முடிந்த கையோடு வாகனத்துக்கு ஓடாமல் கடலைப் பார்த்து இருக்கலாம். 1622இல் போர்த்துக்கீசர் அந்தக் கோயிலை இடித்த பிறகு நெடுங்காலம் அங்கே கோயிலே இருக்கவில்லை. அந்தக் காலத்திலும் சனம் வெறும் பாறையில் நின்று கடலைப் பார்த்துத் தேங்காய் உடைத்துக் கும்பிட்டிருக்கிறது. காட்டுவதற்குக் கட்டடம் இல்லாதபோதும் அவர்களுக்கு அந்த இடம் குறைந்துபோகவில்லை. எனக்கு இது பிடித்த சங்கதி, அதனால் இடையில் சொருகிவிட்டேன்.

வேண்டுதல் இல்லாமல் இருப்பது கேட்பதற்குச் சுகமாக இருக்கும். செய்யும்போது முதல் சில நாள் கைகால் பதறும். "சும்மா இருந்தா சாமி என்ன நினைக்கும்" என்று ஒருவர் உண்மையாகவே பயந்தார். அந்தப் பயம் வருகிற இடத்தில்தான் வேலை இருக்கிறது. மனம் ஓடினால் ஒரு நாமத்தையோ திக்ரையோ செபமாலையையோ மெதுவாகச் சொல்லலாம். இத்தாலியில் லூசியானோ பெர்னார்டி என்பவரின் குழு 23 பேரைச் செபமாலை சொல்ல வைத்தும், ஒரு மந்திரம் சொல்ல வைத்தும் அளந்து பார்த்தது. இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஆறு தடவை அளவுக்கு இறங்கியது. இதயத்தின் ஓட்டமும் அதனோடு சீராகியது. 2001இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னலில் வந்த ஆய்வு இது. பதகளிப்பில் உள்ள உடம்பு முதலில் இறங்கினால்தான் "நான் இருப்பதே போதும்" என்ற எண்ணம் உள்ளே போகும். நெஞ்சு படபடத்துக்கொண்டிருக்கும்போது தத்துவம் பேசிப் பயனில்லை.

அதோடு ஒரு சோதனையும் சொல்வேன். ஒரு நாள் உங்கள் வழிபாடு தவறிப்போகும். காய்ச்சல் வரும், பஸ் பிந்தும், மறந்தும் போகலாம். அன்று உங்களுக்குள் எழுகிற குரலைக் கவனியுங்கள். "சரி, நாளைக்கு இருக்கலாம்" என்கிறதா, "நீ இவ்வளவுதான், உன்னால் இதுவும் ஏலாது" என்கிறதா? இரண்டாவது என்றால், சாமிக்கு முன்னால் நீங்கள் இன்னும் பரீட்சை மண்டபத்தில்தான் இருக்கிறீர்கள். அந்தக் குரலை அடையாளம் பிடித்து, அது யாருடைய குரல் என்று பார்ப்பது எங்கள் வேலையின் பெரிய பகுதி. அநேகமாக அது ஒரு பழைய வாத்தியாருடைய குரலாகவோ ஒரு மாமாவுடைய குரலாகவோ இருக்கும்.

இதைக் கேட்கும் பெற்றோர் சிலர், "அப்பிடியெண்டா பிள்ளை சோம்பேறியாகாதோ?" என்பார்கள். அல்பர்ட் எல்லிஸ் என்ற உளவியலாளர் இதற்கு நேரடியான பதில் வைத்திருந்தார்: செய்கிற வேலைக்குப் புள்ளி போடுங்கள், ஆளுக்குப் போடாதீர்கள். இரசாயனவியல் விடைத்தாளில் எங்கே பிழைத்தது என்று தாராளமாகப் பார்க்கலாம். தன் முழுப் பிறவியும் ஆபத்தில் இல்லை என்று தெரிந்த பிள்ளைதான் அந்த விடைத்தாளைத் திறந்தே பார்க்கும். நான் முதலில் சொன்ன பிள்ளை பல மாதங்களாகத் தன் பெறுபேற்றைத் திரும்ப எடுத்துப் பார்க்கவே இல்லை. வேறு என்ன படிக்கலாம் என்ற பேச்சு, அதை எடுத்துப் பார்த்த பிறகுதான் தொடங்கியது.

கொடுத்தே பழகியவர்களுக்கு இன்னொரு பயிற்சி வேண்டும்: வாங்குவது. கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) வேலை செய்து ஓய்வு பெற்ற ஒருவர், கதிர்காமப் பாதயாத்திரை திருமலையால் போகும்போது வருடாவருடம் அடியார்களுக்குச் சாப்பாடு கொடுப்பவர். ஓய்வுக்குப் பிறகு "இனி என்னால ஆருக்கு என்ன பிரயோசனம்" என்று தளர்ந்துவிட்டார். கொடுப்பதை நிறுத்த வேண்டாம், ஒரு தடவை பந்தியில் இருந்து சாப்பிட்டுப் பாருங்கள் என்றேன். அந்த வருடம் வெருகல் வரை நடந்தார். நடை கஷ்டமாக இருக்கவில்லையாம். முன்பின் தெரியாத ஒரு பொடியனிடம் சோற்றுக்குக் கை நீட்டியதுதான் கஷ்டமாம். அந்தப் பொடியன் இவர் என்ன உத்தியோகம் பார்த்தவர் என்று கேட்கவில்லை. "இன்னும் கொஞ்சம் போடட்டோ ஐயா" என்று மட்டும் கேட்டிருக்கிறான்.

இனி, இந்தப் பயிற்சிகள் எங்கே நிற்க வேண்டும் என்பது. காயத்தைப் பார்க்காமல் இருப்பதற்காக ஆன்மீகத்துக்குள் ஒளிவதும் உண்டு. ஜோன் வெல்வுட் என்ற உளவியலாளர் 1984இல் அதற்கென ஒரு பெயரே வைத்தார். அடிக்கிற கணவனோடு இருந்துகொண்டு "எல்லாம் கர்மவினை" என்று தியானம் செய்வது சுயமதிப்பு இல்லை. அங்கே முதலில் வேண்டியது பாதுகாப்பு. அதே போல, இரண்டு வாரத்துக்கு மேல் நித்திரையும் சாப்பாடும் கெட்டு, எதிலும் மனம் போகாமல், குற்ற உணர்வு அரித்துக்கொண்டிருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். விரதத்தைக் கூட்டுவது அதற்கு வைத்தியம் அல்ல. சாப்பிடாமல் இருப்பது நிலைமையை மோசமாக்கவும் கூடும். மாவட்டப் பொது வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். அரச வைத்தியசாலையில் காசு கேட்க மாட்டார்கள். மருந்து எடுத்தால் பக்தி குறைந்தவர் என்று எந்தச் சாமியும் சொல்லவில்லை. செத்துப்போகலாம் என்ற எண்ணம் வந்தால் நேரம் பார்க்க வேண்டாம்: 1926 என்ற தேசிய மனநல இலக்கத்துக்கு எடுங்கள், அல்லது பக்கத்தில் இருக்கிறவரை எழுப்பிச் சொல்லுங்கள். அப்படி உங்களை யாராவது எழுப்பினால், "கோயிலுக்குப் போய்வா, சரியாயிடும்" என்று அனுப்பிவிடாதீர்கள். அவர்களைத் தனியே விடாமல், நீங்களும் கூடவே வைத்தியசாலைக்குப் போங்கள்.