துண்டைக் கட்டியவர் பாஸ் புக்கையும் காட்டட்டும்

குன்னூரில் ஆடிட்டராக இருக்கிறேன். தேயிலை ஃபேக்டரி, காய்கறி மண்டி, ஸ்கூல் டிரஸ்ட் கணக்குகளோடு சின்னச் சின்ன கிறிஸ்தவ சபைகளின் கணக்கும் வருஷா வருஷம் என் மேஜைக்கு வரும். நானும் சபைக்குப் போகிறவன். அதனால் அங்கே ஒரு குறையைப் பார்த்தால் கூடுதலாக வலிக்கும்.

ஒரு சபையின் பொருளாளர் எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கும் ஒரு அக்கா. செக் புக் எப்போதும் பாஸ்டர் வீட்டு பீரோவில்தான் இருக்குமாம். எனக்குக் காட்ட அன்றைக்கு வாங்கி வந்திருந்தார். மீதமிருந்த ஆறு தாள்களிலும் தொகையே எழுதாமல் அக்காவின் கையெழுத்து இருந்தது.

"பாஸ் புக் பார்ப்பீங்களா அக்கா?"

"அபிஷேகம் பண்ணப்பட்டவங்ககிட்ட கணக்குக் கேக்கலாமா சார்?"

அந்த பாஸ்டரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆலயத்தைத் தாமே கூட்டுவார், நாற்காலி தூக்குவார், ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனன்று சபையாரின் கால்களைக் கழுவுவார். ஆனால் அந்த பாஸ் புக்கை சபையில் வேறு யாரும் திறந்து பார்த்ததில்லை. யோவான் 13-இல் இயேசு சீடர்களின் கால்களைக் கழுவத் துண்டைக் கட்டிக்கொள்ளும் முன் மேல் வஸ்திரத்தைக் கழற்றி வைக்கிறார். எனக்கு அந்த வரிதான் முக்கியம். நம் ஊழியர்கள் பலர் வஸ்திரத்தின் மேலேயே துண்டைக் கட்டிக்கொள்கிறார்கள்.

அக்கா மனசில் வைத்துச் சொன்னது, 'நான் அபிஷேகம் பண்ணினவர்களைத் தொடாதீர்கள்' என்று சங்கீதம் 105-இல் வரும் வார்த்தை. அதற்கு முந்தின வசனங்களையும் வாசித்துப் பாருங்கள். கொஞ்சப் பேராக, பரதேசிகளாக நாடு நாடாய் அலைந்தவர்களுக்காகக் கர்த்தர் ராஜாக்களைக் கடிந்துகொண்டார் என்று இருக்கிறது. எளியவர்களைப் பலவான்களிடமிருந்து காத்த வார்த்தை அது. அதை ஒரு கொழுந்துக்காரியின் வாயை அடைக்கப் பயன்படுத்துவது பெரிய அநியாயம். தாவீது ராஜாவும் அபிஷேகம் பெற்றவன்தான், நாத்தான் தீர்க்கதரிசி போய் அவன் பாவத்தை முகத்துக்கு நேரே கேட்டாரே!

அப்போஸ்தலன் பவுலைப் பாருங்கள். எருசலேம் விசுவாசிகளுக்காகச் சேர்த்த காணிக்கை விஷயத்தில் தம் உடன் ஊழியன் தீத்துவோடு இன்னும் இரண்டு சகோதரரை அனுப்புகிறார். அதில் ஒருவர் சபைகளே தெரிந்தெடுத்தவர். யாரும் குற்றம் சொல்ல இடம் இருக்கக்கூடாது, கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாக நடக்க வேண்டும் என்று காரணமும் எழுதுகிறார் (2 கொரிந்தியர் 8). இதைவிட நல்ல தணிக்கை விதி எனக்குத் தெரியாது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். பாக்கிக்காகக் கொடுத்த செக் பணமில்லாமல் திரும்பினால் கையெழுத்துப் போட்டவர்மீதும் வழக்கு வரலாம். மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-ஆவது பிரிவில் 2 ஆண்டு வரை சிறை உண்டு. 'தொகையை நான் எழுதவில்லை' என்று சொல்லித் தப்பிப்பது கஷ்டம்.

அப்புறம் அறுப்பின் பண்டிகை. சபையார் காணிக்கையாகக் கொண்டுவரும் கேரட், கோஸ், தேயிலைத்தூள் என்று ஏலம் போகும், எல்லாம் ரொக்கம். மூன்று பேர் சேர்ந்து அங்கேயே எண்ணி, எழுதி, கையெழுத்திட்டு, பேங்க் திறக்கும் முதல் நாளே கட்டிவிடுங்கள். செக்கில் கையெழுத்துப் போடும் இருவரும் ஒரே வீட்டுக்காரர்களாக இருக்க வேண்டாம். மாதக் கணக்கை நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள்.

அந்த பாஸ்டரிடம் நானே போய்ப் பேசினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல சார்" என்றார்.

அடுத்த வருஷமும் அந்த அக்கா வந்தார். வெற்றுச் செக்குகள் கையெழுத்துக்கூட இல்லாமல் வெறுமையாகவே இருந்தன. அடிக்கட்டை ஒவ்வொன்றிலும் எதற்காகக் கொடுத்தது என்று தம் கைப்பட எழுதியிருந்தார். ஒன்றின் மேல் மட்டும் விரலை வைத்து, "இதுக்கு இன்னும் பில் வரல சார், பாஸ்டர்கிட்ட கேட்டிருக்கேன்" என்றார்.