மூட்டு மாற்றிய பிறகு உடம்பைத் தேற்றலாம், எடையைக் கூட்டக் கூடாது

முழங்கால் மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் ஆச்சிமாருக்கு நம் திருநெல்வேலிச் சீமையில் நடக்கும் கவனிப்பு, பிசியோதெரபிஸ்டான எனக்குக் கவலை தருகிறது. பார்க்க வருகிறவர்கள் அல்வாவோடு வருகிறார்கள். வீட்டார் கட்டிலை விட்டு இறங்க விடுவதில்லை. "மருமவ ஒரு எட்டு வைக்க விடமாட்டுக்கா சார்" என்று பெருமையாகச் சொல்வார்கள். அதற்குள் எடை ஏறியிருக்கும்.

சமதரையில் நடக்கும்போதே முழங்கால் தாங்கும் சுமை உடல் எடையைப் போல இரண்டரை மடங்கு. படி இறங்கும்போது மூன்று மடங்குக்கும் மேல். 80 கிலோ இருப்பவருக்கு அது 240 கிலோவைத் தாண்டும். புது மூட்டு தாங்கும். வலியால் பல வருடம் ஓய்ந்து கிடந்த தொடைத் தசைக்குத்தான் அவ்வளவு பலம் இருக்காது. மாற்றாத மறு காலும் பெரும்பாலும் தேய்ந்துதான் இருக்கும்.

அதற்காக, "நான் கனத்த உடம்பு, எனக்கு ஆப்பரேசன் சரிப்படாது" என்று ஒதுங்க வேண்டாம். பருமனானவர்களுக்கும் வலி நன்றாகவே குறைகிறது. உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் உடல் நிறை குறியெண் (BMI) 40-ஐத் தாண்டினால் கிருமித் தொற்றும் காயம் ஆறாத சிக்கலும் கூடும் என்பதால், முன்கூட்டியே கொஞ்சம் குறைக்கச் சொல்வோம். பட்டினி கிடந்து குறைத்தால் புரதம் குறைந்து, அதனாலும் காயம் ஆறாது.

மேலப்பாளையம், முக்கூடல் பக்கத்துப் பீடி சுற்றும் பெண்களை நினைத்தால் எனக்கு மனம் கனக்கும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. எழுந்தால் வருமானம் போகும். காலை மடக்கி உட்கார்ந்தே மூட்டும் தேய்கிறது, எடையும் ஏறுகிறது. அவர்களுக்கு நான் சொல்வது: பீடித் தட்டை மேசையில் வைத்து, நாற்காலியில் உட்காருங்கள், மணிக்கு ஒரு தடவையாவது எழுந்து வீட்டுக்குள் நடங்கள்.

சாப்பாட்டில் சோற்றின் அளவைக் குறையுங்கள். முட்டை, மீன், பயறு, தயிர் கூடட்டும். நம்ம ஊர் உளுந்தம்பருப்புச் சோற்றை விட வேண்டாம். உளுந்தைக் கூட்டி அரிசியைக் குறைத்தால் போதும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் புரதத்தைக் கூட்டுங்கள்.

மருமகள்களுக்கும் ஒன்று. தண்ணீர்ச் செம்பைக் கட்டிலருகே வைக்காதீர்கள், அடுப்படியிலேயே இருக்கட்டும். அத்தை வாக்கரைப் பிடித்து நடந்துபோய்க் குடிக்கட்டும். நீங்கள் கூடவே போங்கள்.