பொக்கணையும் கார்ஸ்ட்டும்

எங்கள் வீட்டுக் கேத்திலின் அடியில் வெள்ளையாக ஒரு படை பிடித்திருக்கிறது. யாழ்ப்பாணத்தில் கிணற்றுத் தண்ணீர் கொதிக்க வைக்கிற எல்லா வீட்டிலும் இருப்பதுதான். ஒரு தேசிக்காயைப் பிழிந்து விட்டுச் சூடாக்கினால் சுருசுருவென்று நுரைத்துக் கொஞ்ச நேரத்தில் கரைந்துவிடும். கேத்திலுக்குள் நடக்கும் இந்தச் சின்ன வேலை குடாநாட்டின் அடியில் மிகப் பெரிதாகவும் மிக மெதுவாகவும் நடந்துகொண்டிருக்கிறது. அப்படிக் கல் கரைந்து உருவான நிலத்துக்கு அறிவியலில் கார்ஸ்ட் என்று பெயர்.

இந்தச் சொல்லைப் பற்றி நான் யோசிக்கக் காரணம் என் பெறாமகள். புவியியல் படிக்கிறாள். நிலத்தடி நீரைப் பற்றிய ஆய்வுச் சுருக்கம் ஒன்றைத் தமிழில் எழுத வேண்டியிருந்தது. ஒரு பின்னேரம் வந்து, "சித்தப்பா, கார்ஸ்ட்டுக்குத் தமிழ் என்ன?" என்று கேட்டாள். "நீ அதுக்கு மேலதான் நிக்கிறாய்" என்றேன். "அது சரி, தமிழ் என்ன?" என்று மறுபடி கேட்டாள். அதற்குப் பதில் தேடப்போய்த்தான் இவ்வளவும்.

முதலில் பொருள். மழைத்துளி காற்றிலிருந்தும், அதைவிட அதிகமாக மண்ணிலிருந்தும், காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு இறங்குகிறது. அப்போது அது ஒரு மென்மையான அமிலமாகிவிடும். காபோனிக்கமிலம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது. சோடாவின் சுருக்கும் இதனால் வருவதுதான். சுண்ணாம்புக்கல் பெரும்பாலும் கல்சியம் காபனேற்று. அமிலத் தண்ணீர் கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கும்போது அதைக் கரைக்கிறது. வெடிப்பு துளையாகிறது, துளை குழாயாகிறது, குழாய் குகையாகிறது. குகையின் கூரை தாங்காமல் இடிந்து விழுந்தால் மேலே ஒரு பள்ளம். மழை பெய்தாலும் தண்ணீர் மேலே ஓடி ஆறாகாமல் உள்ளே இறங்கிவிடும். கார்ஸ்ட் நிலத்தை அடையாளம் காண இதுவே சுலபமான வழி. ஆறு இருக்காது, ஊற்று இருக்கும்.

யாழ்ப்பாணத்துக்கு இது அப்படியே பொருந்துகிறது. வருடம் முழுக்க ஓடும் ஆறு ஒன்றுகூடக் குடாநாட்டில் இல்லை. வழுக்கியாறு இருக்கிறது, ஆனால் அது மாரியில் மட்டும் ஆறு, கோடையில் வெறும் வயல்வெளி. நம் காலடியில் இருப்பது மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல். ஏறத்தாழ 23 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 5 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் முடிந்த காலம் அது. ஊரில் இதை முருகைக்கல் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். முருகைக்கல் என்பது பவளம் கட்டிய கல்லுக்கு உரிய பெயர். அடியில் கிடக்கும் இந்தப் பழைய கல் முழுவதும் அதல்ல. ஆனால் மதில் கட்டுகிறவருக்கு அந்த வேறுபாட்டால் என்ன ஆகப்போகிறது?

இனி வேர். இத்தாலிக்கும் சுலோவேனியாவுக்கும் இடையே, திரியெஸ்தே துறைமுகத்துக்குப் பின்னால், ஒரு கல் மேட்டுநிலம் இருக்கிறது. சுலோவேனியர் அதைக் கிராஸ் என்பர், இத்தாலியர் கார்சோ என்பர், ஜெர்மன் மொழியில் கார்ஸ்ட். அந்தப் பகுதி அக்காலத்தில் ஆஸ்திரியப் பேரரசின் கீழ் இருந்தது. ஆராய்ந்தவர்கள் வியன்னாவிலிருந்து ஜெர்மனில் எழுதினார்கள். அதனால் ஜெர்மன் வடிவமே உலகம் முழுக்க நிலைத்தது. 1893இல் யோவான் சுவியிச் என்ற செர்பியப் புவியியலாளர் இந்த நிலவமைப்பைப் பற்றி வியன்னாவில் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட ஆய்வு, ஓர் ஊரின் பெயராக இருந்ததை ஒரு துறையின் பெயராக ஆக்கிவிட்டது. கிராஸ் என்ற பெயரின் அடியில், இலத்தீனுக்கும் முந்திய, 'கல்' என்ற பொருளுள்ள 'கர்ரா' போன்ற ஒரு வேர் இருப்பதாக மொழியறிஞர்கள் கருதுகிறார்கள். உடனே "பார்த்தீர்களா, நம்முடைய கல்தான் அங்கே கர்ராவாகப் போயிருக்கிறது" என்று சொல்ல நமக்கு நா ஊறும். ஊறட்டும், விழுங்கிவிடுவோம். ஒலி ஒற்றுமை ஒன்றை மட்டும் வைத்து உறவு கொண்டாடினால் உலகத்தில் எல்லா மொழியும் எல்லா மொழிக்கும் மச்சான்தான்.

எனக்கு உண்மையில் பிடித்தது அடுத்த கதை. கார்ஸ்ட் துறையின் மற்றச் சொற்களைப் பாருங்கள். நிலம் குழிந்த பள்ளத்துக்கு டொலைன். சுலோவேனிய மொழியில் 'டொலினா' என்றால் சும்மா பள்ளத்தாக்கு, அவ்வளவுதான். மலைகளுக்கு நடுவே தட்டையாகக் கிடக்கும் பெரிய வெளிக்குப் பொல்யே. அந்தப் பக்கத்து மொழிகளில் அதற்கு வயல் என்று பொருள். ஓடிவரும் தண்ணீர் நிலத்துக்குள் மறையும் துளைக்குப் பொனோர். எதுவும் கிரேக்கத்திலிருந்தோ இலத்தீனிலிருந்தோ கோத்தெடுத்த சொல் அல்ல. ஆடு மேய்த்தவரும் வயல் உழுதவரும் தங்கள் ஊர்க் குழிக்கும் வெளிக்கும் வைத்த பெயர்கள். அறிவியலாளர் போய் "இதற்கு என்ன பெயர்?" என்று கேட்டு, சொன்னதை எழுதிக்கொண்டார். அவ்வளவுதான் நடந்தது.

நாம் என்ன செய்தோம்? தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இதற்குச் 'சுண்ணாம்புப் பாறை நிலத்தோற்றம்' என்று இருக்கிறது. படிக்கிற பிள்ளைக்கு விளங்கும். ஆனால் கணக்குச் சரிவராது. ஜிப்சம், தொலமைற்று போன்ற வேறு பாறைகளிலும்கூடக் கார்ஸ்ட் உண்டாகும். சுண்ணாம்புப் பாறை உள்ள இடமெல்லாம் கார்ஸ்ட்டும் அல்ல. பள்ளத்துக்கு 'உறிஞ்சுதுளை' என்கிறார்கள். நுளம்பு உறிஞ்சும், பிள்ளை இளநீரை உறிஞ்சும். நிலம் எங்கே உறிஞ்சுகிறது? தண்ணீர் தன்பாட்டில் இறங்குகிறது, அல்லது கூரை இடிந்து விழுகிறது.

இந்தப் பள்ளத்துக்கு நம்மிடமே பெயர் இருக்கிறது. பொக்கணை. ஊரெழுவில் பொக்கணைக் கிணறு என்றால் எவரும் வழி காட்டுவார்கள். மனிதர் வெட்டிய கிணறல்ல அது. நிலம் தானே வாய் பிளந்து உள்ளே நீர் தெரியும் இடம். பொக்கைவாய், பொக்கு, பொக்கணம் என்று தமிழில் உள்ள சொற்களைச் சேர்த்து வைத்துப் பாருங்கள். பல் போன வாய், உள்ளீடு இல்லாத மணி, பொருள் போட்டு வைக்கும் பை. எல்லாவற்றிலும் உள்ளே ஒரு வெறுமை. பொக்கணையையும் அந்தக் குடும்பத்தில் இருத்த எனக்குத் தயக்கமில்லை. வன்னிக் கரையிலும் பொக்கணை என்று ஓர் ஊர் உண்டு. டொலைனுக்குச் சமமான தமிழ்ச் சொல்லைக் கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். டொலினாவைவிட இது ஒரு படி மேல் என்றும் சொல்வேன். சுலோவேனியச் சொல் வெறும் தாழ்வைச் சொல்கிறது, நம் சொல் உள்ளே பொந்து இருப்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது.

நிலாவரைக் கிணறும் இந்த வகைதான். புத்தூர்ப் பக்கம், நவக்கிரியில். இராமர் அம்பு விட்டுத் தண்ணீர் எடுத்த இடம் என்பது ஊர்க்கதை. நிலவறை என்பதே நிலாவரை என்று திரிந்திருக்குமோ என்று எனக்கு ஓர் ஆசை உண்டு. நிலத்துக்குள் இருக்கும் அறை! சான்று கேட்டால் கையை விரித்துவிடுவேன். சற்று முன் கர்ராவுக்குச் சொன்ன புத்திமதி எனக்கும் சேர்த்துத்தான்.

நிலாவரையில் ஒரு தேசிக்காயைப் போட்டால் அது கீரிமலைக் கேணியில் வந்து மிதக்கும் என்று சின்ன வயதில் எல்லோரும் கேட்டிருப்போம். இரண்டுக்கும் இடையே பத்துக் கிலோமீற்றருக்கு மேல். இந்தக் கதையை நம்பச் சொல்லவில்லை. ஆனால் சிரித்துவிட்டுப் போகவும் வேண்டாம். கார்ஸ்ட் ஆய்வின் முதன்மையான முறையே இதுதான். ஜெர்மனியில் டான்யூப் ஆற்றின் தண்ணீர் ஓரிடத்தில் நிலத்துக்குள் மறைகிறது. அது எங்கே போகிறது என்று அறிய 1877இல் பத்துக் கிலோ புளோரசீன் சாயத்தை அங்கே கொட்டினார்கள். இரண்டு மூன்று நாளில் ஆக் என்ற ஊற்று பச்சையாக ஒளிர்ந்தது. அவர்களிடம் சாயம், நம்மிடம் தேசிக்காய். இங்கே போட்டது எங்கே வெளிவரும் என்ற கேள்வி இரண்டு இடத்திலும் ஒன்றுதான். நிலத்துக்குக் கீழே நீருக்கு வழி இருக்கிறது என்பது தெரியாத ஊரில் இப்படி ஒரு கதை பிறந்திருக்காது. கீரிமலையைப் போய்ப் பார்த்தால் அது புரியும். ஒரு மதிலுக்கு அந்தப்பக்கம் கடல் அடித்துக்கொண்டிருக்கிறது, இந்தப்பக்கம் கேணியில் ஆடி அமாவாசைக்குச் சனம் குளிக்கிறது. உள்ளே இறங்கிய மழை கரையில் வெளியே வரும் இடம் அது.

கிணறு வெட்டுகிறவர்களிடம் இன்னொரு சொல் இருக்கிறது. ஊற்றுக்கண். கல்லை வெடி வைத்து உடைத்து இறங்கும்போது பக்கச் சுவரில் ஒரு துளை திறந்து தண்ணீர் பீறிடும். "கண் திறந்திட்டுது" என்பார்கள். கோடையில் எங்கள் கிணற்றை முழுக்க இறைத்துச் சேறு அள்ளியபோது எட்டிப் பார்த்தேன். வடக்குப் பக்கத்தில் கை நுழையும் அளவு ஓட்டை, விளிம்பெல்லாம் உளி படாத வழவழப்பு. தண்ணீர் தானே தேய்த்துக் கரைத்த வழவழப்பு அது. ஆய்வுக் கட்டுரைகளில் 'நீர் செல்லும் கரைசல் கால்வழி' என்று நீட்டி எழுதுவதெல்லாம் இந்தக் கண்ணைத்தான்.

சரி, மொத்தத்துக்கு என்ன பெயர் வைப்பது? 'கரைகல் நிலம்' என்று ஒன்று எனக்குத் தோன்றியது. சுடுசோறு, ஊறுகாய் போல இதுவும் வினைத்தொகை. கரைந்த கல், கரைகின்ற கல், கரையும் கல் என மூன்று காலமும் அதற்குள் அடங்கும். ஜிப்சமானாலும் செல்லும். நடுவில் ஒற்றுப் போட்டுக் 'கரைக்கல்' என்று எழுதினால் மட்டும் கடற்கரைக் கல்லாகிவிடும். ஒரு 'க்'கில் பொருள் கவிழும் சொல்லை மாணவர் கையில் கொடுக்கலாமா என்று ஒரு தயக்கம். மறுபக்கம், கார்ஸ்ட் ஓர் இடத்தின் பெயர். பிரான்சின் ஆர்த்துவா மாகாணத்தால்தான் ஆர்ட்டீசியன் கிணறு, ஜூரா மலையால்தான் ஜூராசிக் காலம். இடப்பெயரை யாரும் மொழிபெயர்ப்பதில்லை. மானிப்பாயில் இருந்துகொண்டு மருத்துவத்தைத் தமிழில் கற்பித்த சாமுவேல் கிறீன் மருத்துவர்கூட, உடற்கூறுக்கும் அறுவைக்கும் தமிழ் நூல் தந்தவர், இரசாயன நூலுக்குக் 'கெமிஸ்தம்' என்றுதான் பெயரிட்டார். எதை மாற்றுவது, எதை விட்டுவைப்பது என்பது அன்றே இருந்த தலையிடி. என் முடிவு இது: கட்டுரைத் தலைப்பில் கார்ஸ்ட் இருக்கட்டும், விளக்கும்போது கரைகல் நிலம் வரட்டும், உறுப்புகளுக்கு ஊர்ச் சொற்களைக் கூசாமல் போடலாம்.

இதெல்லாம் வெறும் சொல் விளையாட்டு என்று யாரும் நினைக்கலாம். மருத்துவரிடம் கேளுங்கள். மணல் நிலத்தில் தண்ணீர் துளித்துளியாக வடிந்து, வரும் வழியில் ஓரளவு சுத்தமாகும். கரைகல் நிலத்தில் அது குழாயில் ஓடுவதுபோல ஓடும், வடிகட்ட நேரமில்லை. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போட்ட உரமும் மலசலகூடக் குழியின் கசிவும் நைத்திரேற்றாகக் கிணற்றுக்கு வந்து சேர்கின்றன. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. அதைத் தாண்டிய தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் வலுவை இழந்து உடல் நீலம் பாயக்கூடும். நைத்திரேற்றுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கொதிக்க வைத்தாலும் போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடும்.

உப்பும் அப்படித்தான். நன்னீர் இலேசானது, கடல்நீரின் மேல் ஒரு வில்லை போல மிதக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஹைபன் என்ற டச்சுக்காரரும் பிறகு ஹெர்ட்ஸ்பெர்க் என்ற ஜெர்மானியரும் தனித்தனியாகக் கணக்குப் போட்டார்கள். கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே நாற்பது அடி நன்னீர் இருக்கும். மறுபக்கமும் உண்டு. இறைத்து இறைத்து மேலே ஓர் அடி குறைத்தால், நாளடைவில் கீழிருந்து உப்பு நாற்பது அடி ஏற இடம் கொடுத்தவர்கள் ஆவோம். நிலாவரையில் மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உவர். "துலா இருந்தவரைக்கும் தண்ணி நல்லாத்தான் இருந்தது, மெசின் வந்தாப் பிறகுதான் சவர்" என்று பழையவர்கள் சொல்வதும் இதே கணக்குத்தான்.

பெறாமகளின் சுருக்கம் முடிந்துவிட்டது. டொலைனுக்குப் பொக்கணை போட்டிருக்கிறாள், நீர்வழிக்கு ஊற்றுக்கண். பொனோருக்குத்தான் சொல் கிடைக்கவில்லை. பிலம் என்று போடலாமா என்று யோசித்தோம். சிலப்பதிகாரத்தில் வரும் சொல், ஆனால் அது வெறும் குகை, தண்ணீர் போகும் குறிப்பு அதில் இல்லை. கடைசியில் எங்கள் கிணற்றைச் சேறு அள்ளிய ஐயாவிடம், மழை வெள்ளம் சுழித்து உள்ளே போகும் ஓட்டையை என்ன சொல்வீர்கள் என்று கேட்டாள். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, "அதோ பிள்ளை? அது தண்ணி குடிக்கிற பொந்து" என்றார். 'நீர்குடிபொந்து' என்று எழுதி வைத்திருக்கிறாள். மேற்பார்வையாளர் அதை வெட்டுவாரா விடுவாரா என்று அடுத்த கிழமை தெரியும்.