பித்தளை மறக்காத அளவு

பாட்டியின் பித்தளைக் குடத்தில் ஒடுக்கு விழுந்திருந்தது. பெங்களூர் அல்சூரில் ஒடுக்கு எடுப்பவரிடம் கொண்டுபோனேன். உள்ளே கம்பியைக் கொடுத்துத் தட்டினார். நாலைந்து தட்டு வரை உலோகம் இணங்கியது. பிறகு முரண்டு பிடித்தது. எழுப்பிய இடம், கையை எடுத்ததும் மெல்ல உள்வாங்கிக்கொண்டது. அந்த இடத்தை மட்டும் அனலில் காட்டி, ஆறவிட்டு, மறுபடி தட்டினார். பள்ளம் நேராகிவிட்டது. "அடி வாங்கிய பித்தளை விறைத்துவிடும். சூடு காட்டினால்தான் பேச்சைக் கேட்கும்" என்றார்.

பெங்களூரின் பீனியா தொழிற்பேட்டையில், தகட்டை அழுத்தி வடிவமைக்கும் பிரஸ் டூல் செய்யும் எனக்கு இது தினசரிப் பாடம். தகட்டை டையில், அதாவது எஃகு அச்சில், அழுத்தி எடுத்தால் அது டையின் அளவில் நிற்காது, சற்றே திரும்பும். ஸ்பிரிங்பேக் என்போம். ரைஃபிள் போட்டியாளர்கள் சுட்ட தோட்டாக் கூட்டை மறுபடி பயன்படுத்தும்போது, குறி தப்புவதும் தப்பாததும் இந்தக் குணத்தையும் பொறுத்திருக்கிறது.

கூடு என்பது வெடிமருந்தை உள்ளே வைத்து, வாயில் குண்டைப் பிடித்திருக்கும் உறை; 70 விழுக்காடு செம்பும் 30 விழுக்காடு துத்தநாகமும் சேர்ந்த பித்தளை. .308 வின்செஸ்டர் வகைத் தோட்டா வெடிக்கும்போது உள்ளே எழக்கூடிய அழுத்தம், நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப் போல ஏறத்தாழ 4,200 மடங்கு. கூடு உப்பி, துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறையின் சுவரோடு ஒட்டி, வாயு பின்னால் கசியாமல் அடைக்கிறது. அழுத்தம் இறங்கியதும் மயிரிழை சுருங்குகிறது. அதனால்தான் வெளியே எடுக்க முடிகிறது. ஆனால் பழைய அளவுக்குத் திரும்புவதில்லை. அதை எஃகு டையில் அழுத்தி மீண்டும் அளவுக்குக் கொண்டுவருகிறார்கள். (நம் நாட்டில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம்.)

குண்டைப் பிடிக்கும் குறுகிய முனையான கழுத்தை மட்டும் அழுத்தலாம். உடல் முழுவதையும் அழுத்தலாம். கழுத்தை மட்டும் அழுத்தினால் கூடு அறைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டைபோல இருக்கும், குறி தப்பாது என்று பலர் நம்புகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சில முறை சுட்டதும் உடல் பருத்து, அறையை மூடும் தாழான போல்ட்டை வலிந்து மூட வேண்டிவரும்; வலிந்து மூடும் எதுவும் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி உட்காராது. அதற்காக உடலை அளவுக்கு மீறி அழுத்தினாலும் ஆபத்துதான். கழுத்துக்குக் கீழே சரியும் பகுதியான தோள் பின்னுக்குப் போய் இடைவெளி விழும். சுடும்போது கூடு அந்த இடைவெளிக்கு நீண்டு, அடிப்பக்கத்துக்குச் சற்று மேலே மெலிந்து, ஒருநாள் இரண்டாகப் பிரியும். அனுபவசாலிகள் தோளை 0.025 முதல் 0.05 மில்லிமீட்டர் வரைதான் தள்ளுகிறார்கள்.

கழுத்தில்தான் நுட்பம் அதிகம். மென்மையான பித்தளை ஏறத்தாழ 100 மெகாபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு) அளவில் நிரந்தரமாக வளையத் தொடங்குகிறது; பலமுறை சுட்டும் அழுத்தியும் விறைத்தது 400 வரை தாங்கும். இதைப் பித்தளையின் மீள்தன்மை எண்ணான 110,000 மெகாபாஸ்கலால் வகுத்தால், திரும்பி விரியும் விகிதம் தோராயமாகக் கிடைக்கும். 8.5 மில்லிமீட்டர் கழுத்தில் மென்மையானது 0.008 மில்லிமீட்டர் திரும்புகிறது; விறைத்தது 0.031. குண்டைக் கழுத்து இறுக்கிப் பிடிப்பதோ சுமார் 0.05 மில்லிமீட்டர் அளவு வித்தியாசத்தில்தான். ஒரே டை, ஒரே கை, ஆனால் பிடிப்பில் கிட்டத்தட்ட பாதி வித்தியாசம்!

பிடிப்பு மாறினால் குண்டு விடுபடும் தருணத்து அழுத்தம் மாறும்; வேகமும் மாறும். நொடிக்கு 800 மீட்டர் வேகத்தில் செல்லும் குண்டு 790க்குக் குறைந்ததாக வைத்துக்கொள்வோம். காற்றின் தடையை விட்டுவிட்டுக் கணக்கிட்டாலும், 300 மீட்டரில் அது 1.8 சென்டிமீட்டர் கூடுதலாகக் கீழே விழும். 600 மீட்டரில் 7 சென்டிமீட்டர். 300 மீட்டர் போட்டிப் பலகையில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 10 சென்டிமீட்டர்தான். இதோடு, கழுத்தின் உட்புறத்தை விரிக்க இழுக்கும் எஃகு உருண்டை கழுத்தையே ஒருபக்கம் சாய்த்துவிடுவதும் உண்டு. அப்போது குண்டு கோணலாக உட்காரும்.

தீர்வு, அல்சூர்க்காரர் செய்ததுதான். கழுத்துக்கும் தோளுக்கும் மட்டும் அனல் காட்டுகிறார்கள். எல்லாக் கூடுகளுக்கும் ஒரே சூடு, ஒரே நேரம். அப்போதுதான் எல்லாம் ஒரே அளவு திரும்பும். அடிப்பக்கத்தில் சூடு ஏறவே கூடாது. அத்தனை அழுத்தத்தையும் தாங்குவது அந்த விறைப்புதான்.

பித்தளைக்குள் தங்கும் இறுக்கம் என்ன செய்யும் என்பதை உலகம் இந்தியாவில்தான் கண்டது. 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் ராணுவம் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்த தோட்டாக்கள், யாரும் தொடாமலே விரிசல் விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பும் அம்மோனியாவும் உலோகத்தில் ஏற்கெனவே இருந்த இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை அது. 1921இல்தான் காரணம் விளக்கப்பட்டது.

ராணுவத் தோட்டாக்களின் கழுத்தைச் சுற்றி நீலமும் பழுப்புமாக ஒரு வளையம் தெரியும். அனல் காட்டிய தடம். குடத்தில் ஒடுக்கு இருந்த இடத்திலும் அதே நிறம் இருந்தது. அம்மா புளியை எடுத்துத் தேய்க்க வந்தார். அந்த இடத்தை மட்டும் விட்டுவிடச் சொன்னேன்.