ஹவ்ருதா 'குழுப் படிப்பு' அல்ல

யூதர்களின் சமயச் சட்ட விவாதத் தொகுப்பான தல்மூதின் கல்வியைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள், ஹவ்ருதா எனும் அதன் படிப்பு முறையைக் 'குழுப் படிப்பு' ஆக்குவதை இன்னும் விடவில்லை. குழு எங்கே இருக்கிறது? உட்கார்ந்திருப்பது இரண்டே பேர்.

சொல் அரமேயம். எபிரேயத்தில் தோழனைக் குறிக்கும் 'ஹவேர்' இதே வேர்தான். தோழமை என்ற பொருள், பிறகு சேர்ந்து படிக்கும் இணைக்கும் அதில் ஒருவருக்கும் ஆகிவந்தது.

அப்படியானால் 'படிப்புத் தோழமை' போதுமே என்பார்கள். போதாது. தோழன் தலையாட்டலாம், ஹவ்ருதா ஆட்டக்கூடாது. தல்மூதிலேயே ஒரு கதை: அறிஞர் ரபி யோஹனானின் படிப்பு இணை ரேஷ் லாகிஷ் இறந்தபின், யோஹனானோடு படிக்க எலாசார் பென் பெதாத் வந்தார். யோஹனான் எதைச் சொன்னாலும் அதற்கு ஆதாரம் எடுத்துக் கொடுத்தார். யோஹனான் நொந்துபோனார்: ரேஷ் லாகிஷ் 24 மறுப்பு சொல்வார், நான் 24 விடை சொல்வேன், பொருள் தானே விரியும், நான் சொன்னது சரியென்று எனக்கே தெரியாதா?

'குழு' என்று நினைப்பதால் நூல் தேர்விலும் கோளாறு. 'இயூன்' எனும் ஆழ்ந்த படிப்புக்கு வரிக்கு வரி விளக்கிவிடும் மொழிபெயர்ப்பைப் பரிந்துரைக்கிறார்கள். வேண்டியது தல்மூதின் வில்னா பதிப்புப் பக்கம்: நடுவில் மூலம், தைப்புப் பக்கம் உரையாசிரியர் ராஷியின் உரை, வெளிப்பக்கம் அவரோடு அடிக்கடி மோதும் தோசஃபோத் உரைகள். அரமேயத்துக்கு ஜாஸ்ட்ரோ அகராதி. எங்காவது சிக்கினால் மட்டும் விளக்கத்தோடு வரும் ஸ்டைன்சால்ஸ் பதிப்பு.

தல்மூதில் பாவா மெட்சியா என்ற பகுதியின் தொடக்கத்தையே பாருங்கள். ஒரே துணியை இருவர் பிடித்துக்கொண்டு, 'முழுதும் எனது' என்கிறார்கள். தன் பங்கு பாதிக்குக் குறையாது என்று ஆளுக்கொரு சத்தியம் செய்து பிரித்துக்கொள்ளச் சொல்கிறது மூலம். முழுதும் கேட்டவன் பாதிக்கு ஏன் சத்தியம் செய்ய வேண்டும்? இங்கே இருவரும் மல்லுக்கு நிற்க வேண்டும். விளக்கப் பதிப்பை விரித்தால் விடை முன்னாலேயே வந்து நிற்கும், அப்புறம் எதற்கு இன்னொரு ஆள்?

புலமையின் பங்குகளைச் சொல்லும் நன்னூல், 'அவ்வினையாளரொடு பயில்வகை ஒருகால்' என்கிறது. கால் பங்கு, உடன் கற்பவரோடு பயில்வதால் வருவது. நமக்கு வேண்டிய வினை அந்தப் 'பயில்'தான். ஹவ்ருதா எனும் செயலுக்கு 'உடன்பயில்வு', அதில் ஈடுபடும் ஆளுக்கு 'உடன்பயிலி'. 'ஒருசாலை மாணாக்கர்' அழகான தொடர்தான், ஆனால் ஒரே பள்ளியில் படித்தவர் எல்லாரும் அதில் அடங்கிவிடுவார்கள்.

நம் மொழிபெயர்ப்பாளர்கள் நடக்கும் காரியத்தைப் பார்ப்பதில்லை, ஆங்கிலச் சொல்லைப் பார்க்கிறார்கள். 'கற்றல் பங்காளி' என்றுகூட ஒருவர் போட்டிருந்தார். பங்காளி என்றால் ஊரில் வரப்புக்குச் சண்டை போடுகிறவன். சண்டையாவது இருக்கிறதே, குழுப் படிப்புக்கு அது பரவாயில்லை.